பிழைப்பும் பொழுதுபோக்கும்

படவேட்டில் பொழுது சாயும் வேளையில் ஜவ்வாது மலையின் நிழல் வாழைத் தோட்டங்களின் மீது மெல்லப் படர்கிறது. தறியைவிட்டு எழுந்தவரும் தோட்டத்திலிருந்து திரும்பியவரும் திண்ணையில் அமரும் அந்நேரத்தில், நம் அங்கத்தினர் வீடுகள் பலவற்றில் ஒரு வாக்குவாதம் எழுவதுண்டு. பிள்ளை ஏதோ ஒன்றில் மனத்தைப் பறிகொடுத்திருப்பான். பழைய கல்வெட்டைப் படியெடுப்பான், பறவைகளைக் குறித்துவைப்பான், அல்லது இரவெல்லாம் வானத்தைப் பார்ப்பான். "இது சோறு போடுமா?" என்று தந்தையார் கேட்பார். பிள்ளையிடம் பதில் இராது.

அக்கேள்வியை நாம் இகழ மாட்டோம். உழைத்து உண்போர் வீட்டில் அது நியாயமான கேள்வியே. ஆனால் அதற்கு விடை சொல்லுமுன், பொழுதுபோக்குக்கென்றே தோன்றிய ஒரு சங்கத்தின் அங்கத்தினர் என்ன தொழில் செய்து ஜீவித்தனர், அவர்தம் வாழ்க்கை எவ்வழியே சென்றது என்று பார்ப்பது பயனுடையது. அந்தச் சங்கம் கடல் கடந்த நாட்டில் பிறந்ததாயினும், அது கைமாற்றிக் கொடுத்த கருவியொன்று இதே ஜவ்வாது மலையில், காவலூரில் வந்து சேர்ந்தது.

1911-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் டைலர் ஓல்காட் என்னும் வழக்கறிஞர், மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்தைத் தொடங்கினார். சில விண்மீன்களின் ஒளி சில நாட்களிலோ பல மாதங்களிலோ கூடியும் குறைந்தும் வரும். அருகிலுள்ள, ஒளியளவு தெரிந்த விண்மீன்களோடு ஒப்பிட்டு அந்த மாற்றத்தை மதிப்பிட்டு எழுதுவதே அங்கத்தினரின் பணி. சாயமேற்றிய நூல் சிட்டத்தை மாதிரிச் சிட்டத்தின் அருகே வைத்து நிறம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் நெசவாளருக்கு இவ்வேலையின் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. இதற்குப் பட்டம் தேவையில்லை. பழகிய கண்ணும், பொறுமையும், பொய் எழுதாத கையும் வேண்டும்.

அத்தகைய கண் ஒருவருக்கு யசோர் நகரில் வாய்த்திருந்தது. இப்போது வங்காளதேசத்தில் உள்ள அவ்வூரில் வாழ்ந்த ராதா கோவிந்த சந்திரர் 1878-இல் பிறந்தவர். பள்ளி இறுதி நுழைவுத் தேர்வில் மும்முறை தவறிய அவருக்கு, அரசாங்கக் கருவூலத்தில் நாணயம் நோட்டம் பார்க்கும் வேலை கிடைத்தது. பகலெல்லாம் காசு நல்லதா கள்ளதா என்று சோதிப்பார். இரவில் வானத்தைப் பார்ப்பார். 1910-இல் ஹாலி வால்நட்சத்திரத்தைக் கண்டார். 1912-இல் தம் பணத்தில் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918 ஜூன் மாதத்தில் கழுகு மண்டலத்தில் திடீரெனச் சுடர்விட்ட புதிய விண்மீனைத் தாமாகவே கண்டு குறித்தார். அந்தச் செய்தி அவரை அமெரிக்கச் சங்கத்தோடு இணைத்தது. அதன்பின் 1954 வரை 37,000-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை அவர் எழுதி அனுப்பினார்.

தேர்வில் தவறியவர் என்று அச்சங்கம் அவரை ஒதுக்கவில்லை. அவருடைய சிறிய கருவி போதாதென்று உணர்ந்து, 1920-களில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கடனாக அனுப்பிவைத்தது. கருவி முன்பு சார்லஸ் எல்மர் என்னும் அங்கத்தினருடையது. எல்மர் யார்? நியூயார்க்கில் நீதிமன்ற வாக்குமூலங்களைச் சுருக்கெழுத்தில் எழுதும் தொழிலை நடத்தியவர்.

இங்கே அங்கத்தினரின் வாழ்க்கை மூன்று வழிகளாகப் பிரிவதைக் காண்கிறோம்.

முதல் வழி, தொழிலும் பொழுதுபோக்கும் இரு மாடுகளைப் போல ஒரே நுகத்தடியில் இறுதிவரை நடப்பது. ஓல்காட்டும் சந்திரரும் இவ்வழியினர். சந்திரர் கருவூல வேலையை இடையில் விட்டுவிடவில்லை. ஓய்வு பெற்ற பின்னும் வானத்தைப் பார்த்தார்.

இரண்டாவது வழி, பொழுதுபோக்கே புதுத் தொழிலாக மாறுவது. எல்மரும், முதலீட்டு பாங்கித் தொழிலில் இருந்த ரிச்சர்டு பெர்கின் என்பவரும் வானியல் ஆர்வத்தால் நண்பராயினர். இருவரும் 1937-இல் கண்ணாடி வில்லைகளும் ஒளியியல் கருவிகளும் செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். 1990-இல் விண்ணில் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைத் தேய்த்து உருவாக்கியது அந்நிறுவனமே. ஆனால் கையில் முதலும், வாடிக்கையாளரும், காலமும் கூடிவந்தபோதே இது நிகழ்ந்தது. எல்லோருக்கும் இது வாய்க்குமென்று நாம் சொல்லத் துணியோம்.

மூன்றாவது வழி, இளமையின் ஆர்வமே உத்தியோகமாக முதிர்வது. ஐதராபாத் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஒருவரின் மகனான வைணு பாப்பு, மாணவப் பருவத்திலேயே மாறொளி விண்மீன்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1949-இல் ஹார்வர்டில் மாணவராயிருந்தபோது ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1960-இல் கோடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் இயக்குநரானார். இரவு வானத்தை ஆராய ஏற்ற இடம் தேடி ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அமைந்தது. அவர் 1982-இல் மறைந்தபின், 1986-இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சந்திரரிடமிருந்த ஆறு அங்குலக் கருவியைப் பின்னர் இந்த வைணு பாப்புவிடமே சங்கம் ஒப்படைத்தது. அது பிற்பாடு காவலூர் வந்து சேர்ந்தது. நியூயார்க் சுருக்கெழுத்தாளரின் கையிலிருந்து யசோர் நோட்டக்காரரின் கைக்கும், அவரிடமிருந்து வானியல் பேரறிஞரின் கைக்கும் ஒரே கருவி சென்றது. இதில் கூட்டுறவு நெறியைக் காணாதவர் யார்?

ஒரு தோட்டத்து வாழைத்தார் மட்டும் சந்தையின் விலையை நிர்ணயிக்காது. ஒரு தறியின் சேலை மட்டும் நூலைச் சகாய விலைக்குக் கொண்டுவராது. அதுபோலவே ஒருவர் ஓரிரவு கண்ட ஒளியளவு தனித்துப் பெரிதன்று. பல நாட்டார் பல இரவுகளில் எழுதியவற்றை ஒரே பேரேட்டில் சேர்த்தபோதே விண்மீனின் போக்கு புலப்பட்டது. வழக்கறிஞர் எழுதிய வரியும் நோட்டக்காரர் எழுதிய வரியும் அப்பேரேட்டில் ஒரே மதிப்புடையவை.

எனினும் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்த சந்திரர், 1975-இல் கல்கத்தாவை அடுத்த பாராசாத்தில் வறுமையிலேயே காலமானார். பிரெஞ்சு அரசு 1928-இல் அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தது. ஆனால் அந்தப் புகழ் முதுமையில் உலைக்கு அரிசி தரவில்லை. ஆகவே, "இது சோறு போடுமா?" என்ற கேள்விக்கு, "பெரும்பாலும் போடாது" என்பதே நம் உண்மையான விடை. தறியை விற்று எவரும் தொலைநோக்கி வாங்க வேண்டாம். அதற்காக, சோறு போடாதது என்பதால் பிள்ளையின் கையிலுள்ள குறிப்பேட்டைப் பிடுங்கவும் வேண்டாம். நாணயத்தைச் சோதித்த கண்ணே விண்மீனையும் சோதித்தது. தொழிலில் பெற்ற பயிற்சி பொழுதுபோக்கில் வீண்போகவில்லை. பொழுதுபோக்கில் வளரும் கவனமும் நேர்மையும் தொழிலில் வீண்போகுமென்று நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

நம் ஊர்களில் ஆர்வமுள்ள இளைஞர் பத்துப்பேர் கூடினால் போதும். பணம் இருப்பவர் மட்டும் கருவி வாங்குவதென்றால் அது ஒருவர் வீட்டு அலமாரியில் தூங்கும். சிறு சந்தா சேர்த்துச் சங்கத்தின் பெயரில் வாங்கினால், நன்றாக உழைப்பவர் கையில் அது இருக்கும். அவரால் இயலாத காலத்தில் அடுத்தவர் கைக்குப் போகும். கண்டதை அன்றன்றே தேதியிட்டு எழுதும் பழக்கமும், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, விவசாயி வீட்டுப் பெண் என்ற பேதமின்றிச் சேர்க்கும் மனமும் அச்சங்கத்திற்கு வேண்டும். வரவு செலவையும் உற்பத்தியையும் நாள்தோறும் எழுதிப் பழகிய நமக்கு இவை புதியனவல்ல. படவேட்டுத் திண்ணையில் இன்றிரவு வானத்தைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு, முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்போம்.