கவரிமா பண்ணையும் கணிப்பொறிக் கணக்கும்

கோயில் உற்சவங்களில் சுவாமிக்கு வீசப்படும் வெண்சாமரத்தை நாம் கண்டிருக்கிறோம். கவரிமா என்னும் யாக்கின் வால் மயிரால் செய்யப்படுவது அது. திபெத்துக்கும் இமயமலைக்கும் உரிய இவ்விலங்கு, கடல் கடந்து அமெரிக்காவுக்கும் சென்றுள்ளது. கொலராடோ, மொன்டானா முதலிய மாநிலங்களில் சில குடும்பங்கள் இறைச்சிக்காகவும் மயிருக்காகவும் இதனை வளர்க்கின்றன. அப்பண்ணைகளுக்குக் கணிப்பொறி மென்பொருள் எவ்வாறு துணைபுரிகிறது என்பதை இங்குக் காண்போம்.

இருபது முப்பது விலங்குகளுக்குக் கணிப்பொறி எதற்கு என்று கேட்கலாம். தீவனச் செலவு மட்டுமென்றால் ஒரு நோட்டுப் புத்தகமே போதும். ஆனால் இங்கு முதன்மையானது உறவுமுறைக் கணக்கு.

ஒவ்வொரு விலங்குக்கும் காதுவில்லை எண் உண்டு. அமெரிக்க மின்னணுக் காதுவில்லையில் 840 என்று தொடங்கும் 15 இலக்க எண் இருக்கும். பெயர் இரண்டு விலங்குகளுக்கு ஒன்றாக அமையலாம்; இந்த எண் அமையாது. அவ்வெண்ணின் கீழ்ப் பிறந்த நாள், தாயின் எண், தந்தையின் எண், எடை, மருந்து, ஈற்று ஆகியவை பதியப்படும். தாய் தந்தையரும் எண்களாகவே இருப்பதால், கணிப்பொறி ஒரு பதிவிலிருந்து மற்றொன்றுக்கு ஏறிப் பல தலைமுறைகளை நொடியில் காட்டிவிடும்.

இதன் பயன் என்ன? சிறிய மந்தையில் பெரும்பாலும் ஒரே பொலிகாளைதான் இருக்கும். சில ஆண்டுகளில் அதன் மகள்களே சினைப் பருவம் எய்திவிடும். தந்தையோடு மகள் இணைந்தால் பிறக்கும் கன்றின் உள்ளினப்பெருக்கக் கெழு 25 விழுக்காடு. இதைக் கணக்கிடும் முறையை 1922இல் சீவால் ரைட் வகுத்தார். இக்கெழு உயர உயரக் கன்றுகள் நலிந்து, இனப்பெருக்கத் திறனும் குன்றும். காளையை மாற்ற வேண்டிய காலத்தை மென்பொருள் முன்கூட்டியே உணர்த்தும்.

யாக்கும் பசுவும் கலந்து ஈனும். அவ்வாறு பிறக்கும் முதல் தலைமுறை ஆண் கன்று மலடு. பல தலைமுறைக்கு முன் கலந்த பசு இரத்தமோ கண்ணுக்குத் தெரியாது. வம்சாவளிப் பதிவு இல்லாத விலங்கை வாங்குவோர் ஏமாற நேரிடும்.

யாக்கின் சினைக்காலம் சுமார் 258 நாட்கள். ஜூலை 20 அன்று இணைந்தது என்று பதிந்தால், அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் கன்றை எதிர்பார்க்கலாம் என்று கணிப்பொறி கூறும். குடற்புழு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மருந்து கொடுத்தபின் எத்தனை நாட்கள் கழித்து இறைச்சிக்கு அனுப்பலாம் என்பதையும் அது நினைவூட்டும்.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. நாம் பதியாத எதையும் கணிப்பொறி அறியாது. காளையின் எண்ணை ஒருமுறை தவறாக எழுதினால், அப்பிழை பேரன் பேத்திவரை தொடரும். எனவே நிகழ்ந்ததை அன்றைக்கே எழுத வேண்டும். பதிவின் நகலொன்றை வேறிடத்திலும் காக்க வேண்டும்.

குடும்பப் பண்ணைகளில் எந்தக் கன்று எந்தத் தாயினுடையது என்பது பெரும்பாலும் ஒரு முதியவரின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் மறைந்தால் மந்தை இருக்கும். அதன் வரலாறு இராது. அவர் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேட்டுப் பதிவதே முதல் வேலை. மென்பொருளை அதற்குப் பின்னும் வாங்கிக்கொள்ளலாம்.