எடிட்டரில் நிறம் தப்புகிறதா? நீங்களே சரி செய்யலாம்!

நோட்பேடில் புரோகிராம் எழுதினால் எல்லாமே ஒரே நிறத்தில் தெரியும். அதையே சப்லைம் டெக்ஸ்ட் போன்ற கோட் எடிட்டரில் திறந்து பாருங்கள். கட்டளைச் சொற்கள் ஒரு நிறத்திலும், மேற்கோள் குறிகளுக்குள் உள்ளவை வேறு நிறத்திலும் தோன்றும். இதற்கு சின்டாக்ஸ் ஹைலைட்டிங் என்று பெயர். இது வெறும் அலங்காரம் அல்ல. மேற்கோளை மூட மறந்தால் அடுத்து வருவதும் நிறம் மாறிவிடும். தவறு உடனே கண்ணில் படும்.

நிறம் எப்படி வருகிறது?

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு விதிக் கோப்பு உண்டு. "இந்தச் சொல் வந்தால் கட்டளை, இந்தக் குறி வந்தால் குறிப்புரை" என்று அதில் எழுதியிருக்கும். சப்லைம் டெக்ஸ்ட் விலைக்கு விற்கப்படும் சாப்ட்வேர்தான். ஆனால் அதனுடன் வரும் விதிக் கோப்புகள் 'பேக்கேஜஸ்' என்ற பெயரில் கிட்ஹப் தளத்தில் ஓபன் சோர்ஸாக உள்ளன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம்.

தமிழுக்கு என்ன சிக்கல்?

2008-ல் வெளியான பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் பதிப்பி, ஆனால், முடி என்று கட்டளைகளே தமிழில் உள்ளன. இதுவும் ஓபன் சோர்ஸ்தான்.

'அடையாறு' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். நம் கண்ணுக்கு அது 4 எழுத்து. யூனிகோடில் 7 குறியீடுகள். டை, யா, று ஆகியவற்றில் உள்ள உயிர்மெய்க் குறிகள் தனித்தனியாகப் பதிவாவதே காரணம். விதியில் ஏ முதல் இசட் வரை மட்டும் எழுத்து என்று இருந்தால் இந்தப் பெயருக்கு நிறமே வராது. சில தேடல் விதிகள் தமிழ் எழுத்தை ஏற்கும், ஆனால் உயிர்மெய்க் குறிகளை ஏற்காது. பைத்தானின் சொந்தத் தேடல் வசதியில் சொற்களைப் பிரிக்கச் சொன்னால், அடையாறு 'அட', 'ய', 'ற' என்று 3 துண்டாகிவிடும்! நிற விதியும் இப்படி எழுதப்பட்டிருந்தால் 'அட' மட்டும் நிறம் பெறும். புதிதாகக் கற்பவர் தன் புரோகிராமில்தான் தவறு என்று குழம்பிப் போவார்.

என்ன செய்ய வேண்டும்?

1. எடிட்டரின் புதிய பதிப்பிலும் அதே பிழை வருகிறதா என்று பாருங்கள்.

2. பிழையைக் காட்டும் 3 அல்லது 4 வரிகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

3. கிட்ஹப்பில் இலவசக் கணக்கு தொடங்கி, பேக்கேஜஸ் பக்கத்தில் 'இஷ்யூஸ்' பகுதிக்குச் செல்லுங்கள். வேறு யாராவது இதே பிழையை முன்பே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

4. இல்லையென்றால் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். மாதிரி வரிகள், வர வேண்டிய நிறம், வந்த நிறம், எடிட்டர் பதிப்பு ஆகியவை போதும்.

5. விதியைத் திருத்தத் தெரிந்தால் நகல் எடுத்துத் திருத்தி, 'புல் ரிக்வெஸ்ட்' அனுப்புங்கள். கூடவே சோதனை வரியும் சேர்க்க வேண்டும். மாதிரி வரிக்குக் கீழே ஒரு குறிப்புரை வரி எழுதி, உரிய எழுத்துகளுக்கு நேராக ஷிப்ட் 6 அழுத்தினால் வரும் கூர்குறியை இட்டு, அது எந்த வகை என்று எழுதுவதுதான் சோதனை. பிற்காலத்தில் யாராவது விதியை மாற்றி இது கெட்டுப்போனால், சோதனை உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

முதல் 4 படிகளுக்குப் புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. விதிகளை எழுதுகிறவர்களில் பலர் தமிழில் பெயர் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு இந்தப் பிழை தெரியப்போவதில்லை. இன்றே உங்கள் ஊர்ப் பெயரை ஒரு மாறிக்கு வைத்து, முழுப் பெயரும் ஒரே நிறத்தில் வருகிறதா என்று சோதித்துப் பாருங்களேன்!