பழைய வலையும் புதிய வலையும்

நான்காந் தலைமுறைக் கைபேசி வைத்திருப்போருட் பலர் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். திரையின் மேலோரத்தில் 4ஜி என நின்ற குறி, அழைப்பு வந்தவுடனே 3ஜி என்றோ 2ஜி என்றோ மாறும். பேச்சு முடிந்து சிறிது நேரத்தில் மீண்டும் 4ஜி ஆகும். இம்மாற்றத்தின் காரணத்தையும், இதன்பொருட்டு இருவேறு தலைமுறைப் பொறிகளை இயைத்து வைக்கும் முறையையும் நாம் இங்குச் சுருங்க ஆராய்வாம்.

பின்லாந்தில் 1991-ம் ஆண்டில் தொடங்கிய இரண்டாந் தலைமுறையும், ஜப்பானில் 2001-ம் ஆண்டில் தொடங்கிய மூன்றாந் தலைமுறையும் பேச்சுக்கெனத் தனி வழியொன்றை ஒதுக்கித் தருவன. பேசுவோர் வாளா இருப்பினும், பேச்சு முடியுங்காறும் அவ்வழி அவர்க்கே உரியது. 2009-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ நகரங்களில் தொடங்கிய நான்காந் தலைமுறையோ அத்தகைய தனி வழி உடையதன்று. அதிற் செல்வன யாவும் சிறு சிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டே செல்லும். குரலையும் அவ்வாறே பகுத்தனுப்பும் ‘வோல்ட்டி’ முறை பரவுதற்குச் சில ஆண்டுகள் சென்றன. அதுகாறும் செய்ததென்னை? அழைப்பு வரும்போதெல்லாம் புதிய வலை கைபேசியைப் பழைய வலையிடம் ஒப்புவித்தது.

இவ்வொப்புவிப்பு நிகழுமாறு காண்போம். புதிய வலையிற் கைபேசிகளின் இருப்பிடத்தை அறிந்திருக்கும் பொறி எம்.எம்.இ. எனப்படும். பழைய வலையின் இணைப்பகம் எம்.எஸ்.சி. எனப்படும். இவ்விரண்டையும் பிணைக்கும் தொடர்புக்கு எஸ்.ஜி.எஸ். என்பது பெயர். கைபேசி புதிய வலையிற் சேரும்போதே, எம்.எம்.இ. அதனை எம்.எஸ்.சி.யிலும் பதிவு செய்துவிடும். பின்னர் ஒருவர் அழைப்பாராயின், அச்செய்தி முதலில் எம்.எஸ்.சி.யை அடையும், அது எஸ்.ஜி.எஸ். வழியாக எம்.எம்.இ.க்கு அறிவிக்கும், எம்.எம்.இ. கைபேசியைக் கூவியழைக்கும், கைபேசியும் பழைய வலைக்கு மாறி அழைப்பை ஏற்கும்.

இனி, பொறியாளர் செய்யவேண்டுவது யாது? புதிய வலை நிலப்பரப்பை ஒருவகையாகப் பகுத்து எண்ணிடுகின்றது; பழைய வலை வேறொருவகையாகப் பகுத்து எண்ணிடுகின்றது. புதிய பகுதி ஒவ்வொன்றும் எந்தப் பழைய பகுதிக்கும், எந்த எம்.எஸ்.சி.க்கும் உரியதென்னும் அட்டவணையை அவர் எம்.எம்.இ.யில் எழுதி வைத்தல் வேண்டும். கைபேசி எந்த அலைவரிசையிற் சென்று பழைய வலையைத் தேடவேண்டுமென்பதையும் 4ஜி கோபுரத்திற் குறித்தல் வேண்டும்.

ஓர் ஊரின் தெருக்களுக்கெல்லாம் புதுப்பெயர் இட்டபின், பழம்பெயர் புதுப்பெயர்ப் பட்டி தபாற்காரரிடம் பிழையாயிருப்பின், கடிதம் என்னாகும்? அதுவே இங்கும் நேரும். அட்டவணை பிழைப்படின், கைபேசி ஓர் எம்.எஸ்.சி.யிற் பதிவாகி மற்றோர் எம்.எஸ்.சி.யின் எல்லையிற் போய் நிற்கும். அங்கு மீண்டும் பதிவு செய்துகொள்ளுங்காறும் அழைத்தவர் காத்திருப்பர். அழைப்பு முற்றிலும் தவறிப்போதலும் உண்டு. கோபுரங்கள் பழுதற்றன, கைபேசியும் பழுதற்றது, இரண்டு எண்கள் பொருந்தாமையே குற்றம்.

மொழியிற் பழஞ்சொற்கள் வழக்கொழிதலையும் புதுச்சொற்கள் வந்து சேர்தலையும் குற்றமாகக் கொள்ளலாகாதென்பது நன்னூலார் கொள்கை. ஆயினும் பழஞ்சொல் ஒரு நாளில் மறைவதில்லை. அதனையே அறிந்த முதியோர் உள்ளளவும் அது வழங்கும். வலைகளுக்கோ குறித்த நாளில் முடிவு வந்துவிடுகின்றது. ஆஸ்திரேலியாவில் இரு பெருநிறுவனங்கள் 2024-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி முதல் தம் மூன்றாந் தலைமுறை வலையை மூடலாயின. அந்நாட்டிற் சில கைபேசிகள் நாள்தோறும் பேசுதற்குப் புதிய வலையைக் கொண்டபோதிலும், ஆபத்துக் காலத்து 000 என்னும் எண்ணை அழைத்தற்குப் பழைய வலையையே நம்பியிருந்தன. உடையவர்க்கு அது தெரியாது. வீட்டில் தீப்பற்றும் நாளிலேயே தெரியவரும். ஆதலின் அத்தகைய கைபேசிகளுக்குத் தொடர்பு அளித்தலே ஆகாதென விதி செய்தனர்.

புதுமையை விரைந்து ஏற்றல் எளிது. அதற்கும் பழமைக்கும் இடையே நிற்கும் அட்டவணையைப் பிழையற எழுதுதலும், பழமையை நம்பி நிற்போர் எவரென எண்ணிப் பார்த்தபின்னரே அதனை நீக்குதலும் அரிய; அவையே கடமையுமாம்.