ஆறு அடிக்கு ஓர் அங்குலம்

"ஒரு பொம்மை விமானத்துக்கு மூன்று மாதமா?" என்று எங்கள் வீட்டில் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. பெட்டியில் வந்த துண்டுகளை அப்படியே ஒட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை தீர்ந்துவிடும். மாலைக் காப்பிக்கு முன்னால் விமானம் அலமாரி ஏறிவிடும். ஆனால் பெட்டியைத் திறந்ததும் பாதித் துண்டுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அவற்றைத் தானே செய்வதற்கு உட்காரும் ஒரு கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. அடியேனும் அதில் ஒருவன்.

இந்தப் பைத்தியத்தின் காரணத்தை ஒரு சிறு கணக்கினால் விளக்கிவிடலாம். மாதிரி விமானங்களில் பெருவழக்கான அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதாவது ஆறு அடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுகிறான். 1932-ல் இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற பெயரில் வந்த மரப் பெட்டிகளும், 1936-ல் 'ஃப்ராக் பெங்குவின்' என்று வந்த பிளாஸ்டிக் பெட்டிகளும் இந்த அளவைத்தான் மேற்கொண்டன. 1942-ல் அமெரிக்கக் கடற்படையார், விமானங்களை அடையாளம் காணும் பயிற்சிக்காக, இதே அளவில் ஐந்து லட்சம் மாதிரிகளைச் செய்து தரும்படி பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வெளி வடிவம் மட்டுமே. மரத்தைச் செதுக்கிக் கறுப்பு வர்ணம் பூசினால் போதும். முப்பத்தைந்து அடி தள்ளி நின்று பார்த்தால் அது அரை மைல் தூரத்து விமானமாகத் தோன்றும்.

நம் சங்கடம் முப்பத்தைந்து அடியில் அல்ல, அரை அடியில் ஆரம்பிக்கிறது. இப்போது என் மேஜை மேல் இருப்பது ஆர். ஜே. மிட்செல் வடிவமைத்து 1936 மார்ச் 5-ந் தேதி முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயர். நிஜ விமானத்தின் இறக்கை விரிவு 36 அடி 10 அங்குலம். மாதிரியில் ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். நீளமும் அகலமும் பிசகவில்லை. பிசகியிருப்பது கனம். உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் பலமாகச் செலுத்தி இத்துண்டுகளை வார்க்கிறார்கள். மிக மெல்லிய சந்துக்குள் அது சரியாகப் போய்ச் சேராது. ஆகவே துண்டின் ஓரம் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டர் கனத்தில் நின்றுவிடுகிறது. அதை 72-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மூன்று அங்குலம்! நிஜ விமானத்தின் உலோகத் தோலோ பல இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்று அங்குலக் கனத்தில் தோல் போர்த்திய விமானம் கோட்டை மதிலாக நிற்குமே தவிரப் பறக்காது.

ஆகையால் முதல் வேலை, சேர்ப்பது அல்ல, குறைப்பது. இறக்கையின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே உட்புறமாக உப்புக் காகிதத்தில் தேய்த்து, பின் ஓரத்தைக் கத்தி முனைபோல் ஆக்க வேண்டும். விரல் நுனி எரியும். ஒரு கணம் கை தவறினால் ஓரம் பிய்ந்துவிடும். புகைபோக்கிக் குழாய்களின் வாயை ஊசியால் குடைய வேண்டும். விமானியின் கண்ணாடிக் கூண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மரத்தில் ஓர் அச்சுச் செதுக்கி, சூடு காட்டி இளக்கிய மெல்லிய தகட்டை அதன் மேல் அழுத்தி எடுக்க வேண்டும். நாலைந்து வீணாகும், ஒன்று தேறும்.

பிறகுதான் சேர்ப்பு வேலை. இதற்கு வேண்டிய சாமான்களில் பல வீட்டிலேயே கிடைக்கும். துண்டுகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் காட்டி, இளகும் சமயத்தில் இரு கையாலும் இழுத்தால் தலைமுடி போன்ற நூல் வரும். தலைமுடி 72 மடங்கு பருத்தால் சுமார் ஐந்து மில்லிமீட்டர். குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் அளவெடுத்தாற்போல் பொருந்தும். மாத்திரை அட்டையின் ஈயக் காகிதத்தை முக்கால் மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கினால் விமானியின் தோள் பட்டை. இறக்கை நுனி விளக்குகளுக்கு, ஒளி ஊடுருவும் சிவப்பு, பச்சைப் பல் துலக்கும் பிரஷ்களின் காம்பு. சந்துகளை அடைக்க முகப் பவுடரும் வார்னிஷும் குழைத்த கலவை. (பவுடர் டப்பா எங்கே என்று வீட்டில் தேடும்போது நான் பேசுவதில்லை.)

இப்போது இவையெல்லாம் கடையிலேயே கிடைக்கின்றன. அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகடுகள், பிசின் வார்ப்புகள், கம்ப்யூட்டர் அச்சிட்டுத் தரும் நாற்காலிகள் எல்லாம் உண்டு. அவற்றில் நல்ல வேலைப்பாடு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பித்தளைத் தகடு தட்டையானது. உருண்டையாக இருக்க வேண்டிய கைப்பிடியும் அதில் தட்டையாகவே இருக்கும். அதை விலை கொடுத்து வாங்கி ஒட்டியவர்களில் எத்தனை பேர் அந்தக் கைப்பிடி எதற்கு என்று யோசித்திருப்பார்கள்? ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் சக்கரங்களை மேலே மடக்குவதற்கு விமானி வலது கையால் ஒரு நெம்புகோலை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடது கையில் விமானம். வலது கையின் ஆட்டத்துக்கு இடது கையும் ஆடும். தரையை விட்டுக் கிளம்பிய விமானம் கடல் மீனைப்போல் எழுந்தும் தாழ்ந்தும் போகும். இதை அறிந்துகொண்ட பிறகு அந்த நெம்புகோலைச் செய்யாமல் விட மனம் வருமா?

சிரத்தை மிகுந்தால் உண்மைக்கு மோசம் வருவதும் உண்டு. 1982-ல் நான் தாம்பரத்தில் பள்ளி மாணவன். லண்டனிலிருந்து வந்த மாமா ஒரு ஸ்பிட்ஃபயர் பெட்டி கொடுத்தார். அதை, சென்னை மாகாணத்தார் கொடுத்த யுத்த நிதிக்காக 'மதராஸ் பிரஸிடென்ஸி' என்று பெயர் பெற்ற 234-வது படையின் விமானமாகச் செய்வதென்று தீர்மானித்தேன். நம் ஊர்ப் பணம் பறந்த விமானமல்லவா! இறக்கையின் பின்னால் கீழ்நோக்கித் திறக்கும் மடல்களை அறுத்தெடுத்து, உள்ளே இருக்கும் விலா எலும்பு போன்ற சட்டங்களை ஒவ்வொன்றாக வைத்து, மூன்று வாரம் உழைத்து, மடல்களைத் திறந்த நிலையில் ஒட்டினேன்.

எதிர் வீட்டுப் பெரியவர், பர்மா யுத்த முனையில் ஸ்பிட்ஃபயர்களைப் பழுது பார்த்த பிட்டர். காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"தம்பி, இதை ஓட்டி வந்தவன் யாரிடம் திட்டு வாங்கினான்?"

"ஏன், மாமா?"

"இறங்கின உடனே மடலை மூட மறந்துவிட்டானே! இது திறந்திருந்தால் ரேடியேட்டருக்குக் காற்று தடைப்படும். என்ஜின் கொதித்துவிடும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பூதக்கண்ணாடியால் விமானியின் அறைக்குள் எட்டிப் பார்த்தார். நாற்காலி, பட்டைகள், நெம்புகோல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"எல்லாம் இருக்கிறது. தரை எங்கிருந்து வந்தது?"

"பெட்டியிலேயே இருந்தது, மாமா."

"நிஜத்தில் இல்லையே! காலை வைக்க இரண்டு தடம்தான். அதற்குக் கீழே வயிறு. ஒரு நாள் என் கையிலிருந்து ஸ்பேனர் உள்ளே விழுந்துவிட்டது. போய்க் கம்பியில் சிக்கிக்கொண்டால் மேலே போனவன் திரும்பி வருவானா? அது கிடைக்கிற வரையில் விமானத்தை விடமாட்டேன் என்றேன். மத்தியானம் வரை தலைகீழாகத் தொங்கித் தேடினேன்."

"கிடைத்ததா?"

"கிடைக்காமல் இருந்தால் நான் இங்கே நிம்மதியாக உட்கார்ந்திருப்பேனா?"

அன்றிரவே மடல்களைப் பெயர்த்து மூடினேன். பவுடர்க் கலவையால் சந்தை அடைத்தேன். தரையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. உடலின் இரு பாதிகளும் ஒட்டி வர்ணமும் காய்ந்துவிட்டது. அந்த விமானம் இன்னும் இருக்கிறது, தரையோடு.

இப்போது மேஜை மேல் இருப்பதற்குத் தரை கிடையாது. கால் தடங்கள் இரண்டு, அடியில் நூலிழைக் கம்பிகள். அவற்றுக்கும் கீழே, வயிற்றின் அடியில், இரண்டரை மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு ஸ்பேனர் கிடக்கிறது. நாளைக்கு உடலை ஒட்டிவிடுவேன்.