எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய்!

"எலே, நீ பி.காம்லா படிச்சிருக்கே? ஒரு பேருக்கு என்ன விலைன்னு கணக்குப் போட்டுச் சொல்லு பாப்போம்!"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பா இப்படிக் கேட்டதும் எனக்குப் புரை ஏறிவிட்டது. பட்டம் வாங்கிப் பதினைந்து வருஷத்தில் என்னை யாரும் பாடத்திலிருந்து கேள்வி கேட்டதில்லை. கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனிடம், "செக் வந்துட்டா?" என்றுதான் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். செங்கோட்டையில் ஸ்டேஷன் ரோட்டில் அப்பா ஒரு பத்திரிகைக் கடை வைத்திருக்கிறார். பத்துக்குப் பத்து அறை. தினசரி, வார இதழ், தீபாவளி மலர், பரீட்சை நேரத்தில் கைடு. நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கொல்லம் மெயிலில் கட்டு வந்த காலத்தில், வண்டி லேட் என்றால் கடை வாசலில் பத்துப் பேர் கைகட்டி நிற்பார்களாம், தொடர்கதையில் அடுத்து என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ள! இப்போது காலையில் பொதிகை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்கள் எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறார்கள். அப்பாவின் கடையில் ஒருத்தர் முகம்கூடத் திரும்புவதில்லை.

அப்பாவுக்கு முட்டிவலி. ஆபரேஷன் என்று சொல்லியாகிவிட்டது. அதற்குப் பணம் வேண்டும். பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் செல்போன் ரிப்பேர் கடை போட இந்த அறையைக் கேட்கிறான். நல்ல விலைதான் சொன்னான். கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தான் பாருங்கள்:

"அண்ணாச்சி, போர்டை மாத்த வேண்டாம். பழைய பேருலயே நடத்திக்கிடுதேன். அந்தப் பேரைச் சொன்னா ஆட்டோக்காரன் நேரே இங்ஙன கொண்டாந்து எறக்கிருவான்லா? பேருக்குத் தனியா என்ன வேணும்னு சொல்லுங்க."

அதற்குத்தான் என்னிடம் கணக்கு.

கடையின் பெயரை இங்கே சொன்னால் அப்பா கோபிப்பார். மெய்யெழுத்தையும் சேர்த்துப் பதினொரு எழுத்து என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்த சமாசாரம். 'நற்பெயர்' என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும். ஆபீஸில் குட்வில் என்பார்கள். மேஜை, நாற்காலி, சரக்கு எல்லாம் போக, ஒரு வியாபாரத்துக்கு அந்தப் பெயரால் கிடைக்கிற கூடுதல் வருமானத்தின் மதிப்பு. கண்ணால் பார்க்க முடியாத சொத்து. இதில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றலாம். நீங்களே நாற்பது வருஷம் வெயிலில் நின்று சம்பாதித்த நற்பெயரை ஏற்றக் கூடாது! சும்மா சொல்லவில்லை, கணக்கியல் தரம் 26 அப்படித்தான் சொல்கிறது. அதாவது அப்பாவின் பெயர் அப்பாவிடம் இருக்கிற வரை பூஜ்யம். அந்த ரிப்பேர்ப் பையனிடம் போனால் சொத்து.

இந்த விதியைப் படித்தபோதே எனக்கு ஞாபகம் வந்தது எஸ்.எஸ்.வாசன்தான்.

'ஆனந்த விகடன்' வாசன் ஆரம்பித்தது என்றுதான் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. பூதூர் வைத்தியநாதய்யர் என்பவர் 1926 பிப்ரவரியில் மாதப் பத்திரிகையாக ஆரம்பித்தார். 1927 டிசம்பர் இதழ் வரவில்லை. காரணம், எல்லாப் பத்திரிகைக்கும் எல்லாக் காலத்திலும் வருகிற அதே காரணம். பணமுடை!

திருத்துறைப்பூண்டியிலிருந்து பட்டணம் வந்த வாசன் அப்போது விளம்பர ஏஜெண்ட். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பது, தபாலில் சாமான் விற்பது என்று ஓடிக்கொண்டிருந்தவர். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பத்திரிகை நின்றுபோனால் விளம்பர ஏஜெண்டுக்கும் நஷ்டம் அல்லவா? அவர் போய்ப் பத்திரிகையையே விலை பேசிவிட்டார். என்ன கணக்குத் தெரியுமா? எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய்! ஆ-ன-ந்-த-வி-க-ட-ன், எட்டு எழுத்து. இருநூறு ரூபாய். மெய்யெழுத்துக்கும் முழு விலை. என்னைக் கேட்டால், புள்ளி வைத்த இரண்டு எழுத்துக்காவது பாதி விலை பேசியிருப்பேன். அதனால்தான் நான் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். நின்றுபோன பத்திரிகையில் வாங்க வேறென்ன இருக்கிறது? வாசன் வாங்கியது சுத்தமாக ஒரு பெயரை. 1928 பிப்ரவரியில் புது உருவத்தில் இதழ் வந்தது. மாதத்துக்கு ஒன்று என்று இருந்தது பிறகு வாரப் பத்திரிகையானது.

அவருடைய முதல் பலம், அவர் விளம்பரத்திலிருந்து வந்தவர் என்பது. பத்திரிகைத் தொழிலில் ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்க வேண்டும். வாசகருக்குக் கதை, விளம்பரக்காரருக்கு அந்த வாசகர். வாசகர் கொடுக்கிற காசு பேப்பருக்கும் அச்சுக்குமே பற்றாது. ஏஜெண்ட் கமிஷன் வேறு. (அப்பா இங்கே தலையாட்டுவார்.) மிச்சத்தைக் கொண்டுவருவது விளம்பரம். ஆனால் இதழ் நிறைய விற்றால்தான் விளம்பரத்துக்கு நல்ல ரேட். அதனால் சிரிப்பு, சித்திரம், குறுக்கெழுத்துப் போட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடர்கதை. வாசனே தொடர் எழுதினார். அவருடைய 'சதிலீலாவதி' 1936-ல் படமாயிற்று. எம்.ஜி.ஆர். முதலில் தலைகாட்டிய படம் அதுதான். 1939-ல் கல்கி எழுதிய 'தியாகபூமி' தொடருக்கு ஓவியமே இல்லை. படப்பிடிப்பில் எடுத்த ஸ்டில்களையே போட்டார்கள். கதையும் படமும் ஒன்றுக்கொன்று விளம்பரம். இன்றைக்கு இதற்குப் பெரிய பெரிய ஆங்கிலப் பெயர் வைத்து மேனேஜ்மெண்ட் படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஃபீஸ் லட்சக்கணக்கில்!

பத்திரிகைக்குப் பின்னாலேயே சினிமா வந்தது. 1940-ல் ஸ்டூடியோவை ஏலத்தில் எடுத்தார், ஜெமினி ஆயிற்று. 1948-ல் 'சந்திரலேகா'. வாசன் 1969-ல் காலமானார். ஸ்டூடியோ எழுபதுகளில் மூடிவிட்டது. இன்றைக்குப் போய்ப் பாருங்கள், செங்கல்கூட இல்லை. ஆனால் அண்ணா மேம்பாலம் என்று பெயர் வைத்த பாலத்தைச் சென்னைக்காரர்கள் இன்னமும் 'ஜெமினி' என்றுதான் சொல்கிறார்கள். பஸ்ஸில் இறங்கவும் அதே பெயர்தான். இந்த நற்பெயரை யார் கணக்கில் எழுதுவது?

இப்போது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

விகடனின் பெரிய சொத்து கல்கி ரா.கிருஷ்ணமூர்த்தி. 1941 வாக்கில் அவர் வேலையை விட்டார். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பது அவர் தீர்மானம். போனார். வெளியே வந்தவர் நண்பர் டி.சதாசிவத்தோடு சேர்ந்து 1941 ஆகஸ்ட் 1-ம் தேதி புதுப் பத்திரிகை ஆரம்பித்தார். முதலுக்கு எங்கே போவது? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். ஆண் வேஷம்! அந்தப் பணம்தான் பத்திரிகைக்கு மூலதனம். பத்திரிகைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? 'கல்கி'. எழுத்தாளரின் பெயரையே தூக்கி அட்டையில் போட்டுவிட்டார்கள்.

அங்கே வாசன் இருநூறு ரூபாய்க்கு வாங்கிய பெயர் கணக்கில் ஏறும். இங்கே கல்கி தன் பேனாவால் சம்பாதித்த பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அது அவரோடு நடந்து வெளியே போய்விட்டது! கேட்டைப் பூட்டித் தடுக்கவா முடியும்? அதற்காக விகடன் படுத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 'துப்பறியும் சாம்பு' தேவன் பொறுப்புக்கு வந்து 1957 வரை தாங்கிப் பிடித்தார். ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயர் பிரிந்து போய், இரண்டுமே ஜோராக நடந்தது. லாபப் பங்கீட்டுக் கணக்கில் இதற்கு விடை வராது.

எங்கள் ஊர்ப்பக்கம் 'கல்கி' மேல் தனிப் பாசம் உண்டு. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்தார் அல்லவா? சாரல் அடித்தால் ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்துவிடுவார்கள். அருவியில் குளியல், அப்புறம் கம்பராமாயணம், நடுவில் சாப்பாடு. அப்போது செங்கோட்டை மெட்ராஸ் மாகாணமே இல்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்! எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் வேறு ராஜாவுக்கு வரி கட்டிக்கொண்டு, மெட்ராஸ் பத்திரிகைக்காக ரயிலடியில் காத்திருந்தவர்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வந்தது. அந்த 1954-லேயே பிப்ரவரியில் டி.கே.சி.யும் டிசம்பரில் கல்கியும் போய்விட்டார்கள்.

ஆசிரியர் போன பிறகும் அவர் பெயரிலேயே பத்திரிகை அறுபத்தைந்து வருஷம் நடந்தது. நடுவில் 1999-ல் அரசாங்கம் கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் 'பொன்னியின் செல்வன்' அச்சடித்து விற்கலாம். விற்கிறார்கள். புத்தகக் கண்காட்சியில் பத்து ஸ்டாலில் பத்து விலை. 2020-ல், கொரோனா ஊரடங்கு நேரத்தில், 'கல்கி' அச்சு இதழ் நின்று இணையத்துக்குப் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து 2022 செப்டம்பர் 30-ம் தேதி மணிரத்னம் படம் வந்தது. தியேட்டரில் கூட்டம் தாங்கவில்லை. அந்த வாரம் அப்பா கடைக்கு இரண்டு காலேஜ் பசங்கள் வந்து, "தாத்தா, கல்கி இருக்கா?" என்று கேட்டார்களாம். நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார்.

'குமுதம்' கதை வேறு மாதிரி. 1947-ல் எஸ்.ஏ.பி.அண்ணாமலையும் பி.வி.பார்த்தசாரதியும் ஆரம்பித்தது. ஒருவர் எழுத்து, ஒருவர் நிர்வாகம். எஸ்.ஏ.பி. தன் போட்டோ வெளியே வருவதைக்கூட விரும்பாதவர். பத்திரிகையோ எல்லா சலூனிலும் இருந்தது. 1994-ல் எஸ்.ஏ.பி. மறைந்தார். அடுத்த தலைமுறையில் இரண்டு குடும்பங்களுக்கும் தகராறு முற்றி 2010-ல் போலீஸ், கோர்ட் என்று போனது ஊரறிந்த செய்தி. கூட்டாளிகள் கைகுலுக்கி ஆரம்பித்த வியாபாரத்தில், பெயர் யாருடையது என்ற கேள்வி வாரிசு காலத்தில்தான் வரும்.

நற்பெயரை வேறு விதமாகவும் எண்ணிப் பார்க்கலாம். 1987-ல் விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இரண்டு பேர். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று போட்டுவிட்டார்கள். சட்டசபை கொதித்தது. சபாநாயகர் எங்கள் நெல்லைச் சீமைக்காரர்தான், பி.எச்.பாண்டியன். வாசனின் மகன், ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் ஜெயில் என்று அறிவிப்பு! நாடு முழுக்கக் கூப்பாடு எழுந்தது. சில நாளிலேயே விடுதலை. அன்றைக்குக் கூப்பாடு போட்டவர்கள் பங்குதாரர்கள் இல்லை, வாரம் ஒரு இதழ் வாங்குகிறவர்கள். அதை எந்த ஆடிட்டர் மதிப்புப் போடுவார்?

சரி, அப்பாவின் கணக்கு.

மூன்று வருஷ லாபம் எடுத்தேன். 46 ஆயிரம், 38 ஆயிரம், 30 ஆயிரம். சராசரி 38 ஆயிரம். இரண்டு வருஷக் கொள்முதல் என்று வைத்தால் 76 ஆயிரம். பதினொரு எழுத்தால் வகுத்தால் எழுத்துக்கு 6,909 ரூபாய்! வாசனைவிட உசத்தி என்று பெருமையாகச் சொன்னேன். (லாபம் குறைந்துகொண்டே வந்தால் எடையிட்ட சராசரிதான் போட வேண்டும், தொகை இன்னும் இறங்கும். அதை நான் சொல்லவில்லை. ஆபரேஷன் செலவு என் கண் முன்னால் நின்றது.)

அப்பா பேப்பரை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல முப்பத்தெட்டு வீடு எங்கலே?"

"எந்த முப்பத்தெட்டு வீடு?"

"இன்னைக்கும் நான் பேப்பர் போடுத வீடு. அதுல நாலு வீட்டுல ரெண்டு மாசமாப் பாக்கி. கேக்கல. அவங்க குடுத்துருவாங்கன்னு எனக்குத் தெரியும், நான் கேக்க மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும். அத எங்ஙன எழுதிருக்கே?"

"அதெல்லாம்தான் அந்த எழுபத்தாறாயிரத்துக்குள்ள..." என்று இழுத்தேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

"அந்தப் பையன் ரிப்பேர்னு ஒரு போனை வாங்கி வச்சிட்டு இழுத்தடிச்சா, ஏசுதவன் யாரு பேரைச் சொல்லி ஏசுவான்?"

உள்ளேயிருந்து அம்மா, "அவரு குடுக்க மாட்டாரு, நீ வேற வேலையைப் பாரு" என்றாள்.

கடைசியில் அறையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பெயர் இல்லாமல். பையனும் யோசித்துவிட்டு, தன் மகள் பெயரில் போர்டு எழுதப் போவதாகச் சொல்லிவிட்டான். ஆபரேஷனுக்குப் பணம் சரியாக இருக்கிறது. மேல் செலவுக்கு நான் இரண்டு பத்திரிகைகளிலிருந்து வர வேண்டிய செக்கை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய போர்டு இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் சுவரோரம் சாத்தியிருக்கிறது. அம்மா அதன் மேல் ஈரத் துண்டு காயப்போடுகிறாள். முட்டி சரியாகும் வரை காலை ஐந்தரை மணிக்கு அந்த முப்பத்தெட்டு வீட்டுக்கும் பேப்பர் போடுவது பி.காம் பட்டதாரியான நான். நேற்று அப்பா கட்டிலில் படுத்தபடியே புது பில் புக்குக்கு ஆர்டர் கொடுக்கச் சொன்னார்.

"என்ன பேர் போட?" என்று கேட்டேன்.

"ஏம்லே, பதினோரு எழுத்து எழுதக் கை வலிக்கோ?"