வீட்டுக்காரர் துபாயில், வீடு மேடவாக்கத்தில்

சென்னையில் மேடவாக்கம், சோழிங்கநல்லூர், போரூர் பக்கம் பெரிய அடுக்ககம் ஒன்றின் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். +971, +65, +1 என்று தொடங்கும் எண்கள் வரிசையாகக் கண்ணில் படும். அமீரகம், சிங்கப்பூர், அமெரிக்கா. லிஃப்ட் பழுதானாலும் அவர்களுக்குச் செய்தி போகிறது, தண்ணீர் லாரிக்குப் பணம் கேட்டாலும் போகிறது. ஆனால் அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள் வேறு யாரோ.

வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் விசா, டிக்கெட், பிள்ளைகளின் பள்ளி என்று ஓடுவோம். வீட்டை வாடகைக்கு விடுகிற வேலை கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். "தெரிஞ்ச பையன்தான், ஐடியில இருக்கான், நல்ல குடும்பம்" என்று மைத்துனர் சொல்வார். முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம் போடுவோம். சாவி கைமாறும். புரோக்கர் கமிஷன் மிச்சம் என்று மனசுக்கும் திருப்தி.

புரோக்கர் இல்லாமல் நேரடியாக வாடகைக்கு விடுவதில் தவறே இல்லை. ஆனால் உள்ளூர் வீட்டுக்காரருக்கு ஒரு வசதி உண்டு. வாடகை வரவில்லை, குழாய் உடைந்தது, அசோசியேஷனில் தகராறு என்றால் ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பேசிவிடுவார். துபாயில் இருப்பவரால் அது முடியாது. நேரில் போய்ச் சரிசெய்ய முடியாததை எல்லாம் அவர் கிளம்பும் முன்பே எழுத்தில் கொண்டுவந்துவிட வேண்டும்.

11 மாத ஒப்பந்தம் போதுமா?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11 மாதக் கணக்கு. தமிழ்நாட்டில் இப்போது அது மட்டும் போதாது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். எத்தனை மாதத்துக்குப் போட்டாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதற்கென அரசின் தனி இணையதளம் இருக்கிறது. பதிந்ததும் ஒப்பந்தத்துக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும்.

இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்தில் கட்டாவிட்டால், காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போக இந்தச் சட்டம் வழி தருகிறது. அந்த வழியில் போக முதலில் ஒப்பந்தம் ஒழுங்காக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வழக்கு நடத்துபவருக்கு இது இன்னும் முக்கியம். வாய்தாவுக்கு வாய்தா விமானம் ஏறி வர யாரால் முடியும்?

அட்வான்ஸ் விஷயமும் மாறியிருக்கிறது. சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது பழைய வழக்கம். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது புதிய சட்டம். எத்தனை மாதம் என்றாலும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். கடைசி நாள் சண்டைகளில் பெரும்பாலானவை பெயின்டிங் கணக்கில்தான் தொடங்குகின்றன.

பவர் யாருக்கு, எதற்கு?

அப்பாவுக்கோ தம்பிக்கோ பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். எழுதும்போது பத்திர எழுத்தர் தன்னிடம் தயாராக இருக்கும் பொது அதிகாரப் பத்திரத்தையே நீட்டுவார். விற்க, அடமானம் வைக்க, கிரயம் எழுதிக்கொடுக்க என்று எல்லா அதிகாரமும் அதில் இருக்கும். வாடகைக்கு விட அவ்வளவு எதற்கு? ஒப்பந்தம் போட, பதிய, வாடகை வசூலிக்க, நோட்டீஸ் அனுப்ப, வழக்கு நடத்த, வரியும் மின்கட்டணமும் கட்ட என்று வேலைகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மட்டும் குறிப்பு அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரம் இல்லை என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். தம்பி மேல் சந்தேகம் என்று இதற்கு அர்த்தமில்லை. நாளை யாராவது தம்பியை நெருக்கினால் இந்த ஒரு வரி அவருக்கே காப்பு.

ஊரை விட்டுப் போன பிறகுதான் பவர் எழுதுகிறீர்கள் என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம்.

வாடகைதாரர் தலையில் விழும் வரி

வெளிநாட்டு வீட்டுக்காரர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். உள்ளூர் வீட்டுக்காரருக்கு மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் தனிநபர் வாடகைதாரர் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். அதுவும் 2 சதவிகிதம்தான். வீட்டுக்காரர் என்ஆர்ஐ என்றால் அந்த வரம்பே கிடையாது. 10,000 ரூபாய் வாடகை என்றாலும் 30 சதவிகித வரி, அதன்மேல் செஸ், மொத்தம் 31.2 சதவிகிதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவு சொன்னது இதுதான். 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த வேறுபாடு தொடர்கிறது.

மாத வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகைதாரர் 9,360 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 20,640 ரூபாயை உங்களுக்கு அனுப்ப வேண்டும். பிடித்த தொகையை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதற்கு டான் எண் வாங்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் முதலில் வாடகைதாரருக்குத்தான் வரும். இதற்குப் பயந்துதான் பல வீட்டுக்காரர்கள் தாங்கள் வெளிநாட்டில் இருப்பதையே சொல்வதில்லை. வாடகையை மனைவியின் அல்லது அப்பாவின் கணக்கில் போடச் சொல்லிவிடுகிறார்கள். வீடு யார் பெயரில் இருக்கிறதோ, வாடகை வருமானம் அவருடையதுதான். பணத்தை யார் கணக்கில் போட்டாலும் வரிப் பொறுப்பு மாறாது. விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்வது உங்கள் வீட்டில் குடியிருக்கும் மனிதர்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. அதே 30,000 ரூபாய் வாடகைக்கு வருட வரவு 3,60,000. நிலையான கழிவு 30 சதவிகிதம் போக மிச்சம் 2,52,000. கட்டிய சொத்து வரி இருந்தால் அதையும் கழிக்கலாம். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை. அதாவது, பிடித்த 1,12,320 ரூபாயும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். அவ்வளவு பணத்தை வருடக் கணக்கில் முடக்க விருப்பமில்லையா? குறைந்த விகிதத்தில் பிடிக்கும்படி வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. கிளம்பும் முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். வாடகைதாரரின் டிடிஎஸ் வேலையையும் அவரிடமே ஒப்படைத்து, அந்தக் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை.

இன்னொன்று, வேலைக்காக வெளிநாடு போனதும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வாடகை அதில் வரட்டும். வரி கட்டிய பிறகு வாடகைப் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லத் தடை இல்லை.

'லீஸ்' என்ற பொறி

"உங்களுக்கு ஒரு தலைவலியும் வேண்டாம். மாதம் பிறந்தால் வாடகை கணக்குக்கு வந்துவிடும்" என்று சில ஏஜென்ட்டுகள் வருவார்கள். உங்களிடம் மாத வாடகைக்கு எடுப்பார்கள். அதே வீட்டை வேறொரு குடும்பத்துக்கு லீசுக்கு விட்டு, லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். சில மாதம் உங்களுக்கு வாடகை சரியாக வரும். பிறகு நிற்கும். ஏஜென்ட் காணாமல் போயிருப்பார். வீட்டில் இருக்கும் குடும்பமோ, "நாங்கள் லீஸ் பணம் கட்டியிருக்கிறோம், அது வராமல் எப்படிக் காலி செய்வது?" என்று கேட்கும். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சென்னையில் இப்படி ஏமாந்தவர்கள் நிறைய. குடியிருக்கப் போகிறவரின் முகத்தை வீடியோ அழைப்பிலாவது பார்க்காமல், அவரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். உள்வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

காவல்துறைக்கு வாடகைதாரர் விவரம் கொடுப்பதையும் விட்டுவிடாதீர்கள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீடு ஒன்றில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதன் பிறகுதான் சென்னையில் வீட்டு உரிமையாளர்கள் இந்த விவரத்தைத் தர வேண்டும் என்ற உத்தரவு வந்தது.

12 வருடப் பயம்

"ஒருத்தன் 12 வருஷம் இருந்துட்டான்னா வீடு அவனுக்குத்தான்" என்று வெளிநாட்டு உறவினரைப் பயமுறுத்தாத சொந்தக்காரர் இல்லை. அனுமதியோடு, வாடகை கொடுத்து இருப்பவர் வாடகைதாரராகவே எத்தனை வருடம் இருந்தாலும் உரிமையாளர் ஆகிவிட முடியாது. ஒப்பந்தமும் வாடகை வந்த வங்கிக் கணக்கும் கையில் இருந்தால் இந்தப் பயத்துக்கு இடமில்லை. ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், வாடகையை ரொக்கமாக மாமாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு இருப்பவருக்கு நிரூபிக்கும் வேலை கடினம்.

வாடகைதாரருக்கும் உரிமை உண்டு. வீட்டைப் பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். தகராறு என்பதற்காக மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தச் சொல்லி அசோசியேஷனுக்கு போன் போடக் கூடாது. அவரிடம் மறைக்கக் கூடாத விஷயங்களும் இருக்கின்றன. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியிருந்தால், எதுவரை ஏறியது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் வீடு முழுக்க வீடியோ எடுங்கள். ஃபேன் எத்தனை, கீசர் எந்த நிலையில், சமையலறை மேடையில் விரிசல் உண்டா, மின் மீட்டரில் என்ன எண் என்பதெல்லாம் அதில் வரட்டும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், காலி செய்து போனவரின் பில் அடுத்தவர் தலையில் விழும். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் பாக்கியும் உங்களுடையதுதான். சென்னை மாநகராட்சி சொத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவிகிதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. இணையத்திலேயே கட்டிவிடலாம்.

பதிவு செய்த ஒப்பந்தம், குறிப்பு அதிகாரத்தோடு பொறுப்பான ஒரே ஆள், வாடகைதாரரிடம் மறைக்காத வரிக் கணக்கு. விமானம் ஏறும் முன் இந்த மூன்றும் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அவசரப்பட்டு யாரையும் குடிவைக்காதீர்கள், இரண்டு மாதம் பூட்டியே வையுங்கள். இரண்டு மாத வாடகை போனால் போகட்டும், ஒரு வழக்குக்கு ஆகும் செலவில் அது ஒன்றுமே இல்லை.