ஏணியில் ஒரு புத்தக அடுக்கு

வெள்ளையடிப்பவர்கள் பயன்படுத்திக் கழித்த மர மடக்கு ஏணியைப் போலப் புத்தக அடுக்குக்குப் பொருந்தும் சட்டம் வேறில்லை. விரித்தால் 6 அடி உயரம். தரையில் கால்களுக்கிடையே 3 அடி. இருபுறமும் ஓரடிக்கு ஒன்றாக ஐந்தைந்து உருட்டுப் படிகள். சட்டங்களுக்குள் அகலம் 14 அங்குலம். இந்த அளவுள்ள ஏணிக்கான முறை இது.

முதலில் கால்களின் அடியையும் படிகள் செருகிய துளைகளையும் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். முனை இறங்கினால் அந்த ஏணி வேண்டாம். உளுத்த மரத்தை எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

சுண்ணாம்புப் படிவின் மேல் ஈரத்துணியை ஒரு மணி நேரம் சுற்றிவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் கழன்றுவிடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை நனைத்து, முகக்கவசம் அணிந்தே சுரண்ட வேண்டும். 3 நாள் நிழலில் உலர்த்தியபின் 80, 120 எண் உப்புத்தாள்களால் ரேகையின் போக்கில் தேய்க்கவும். கால் பட்டுத் தேய்ந்த படிகளை அப்படியே விடுங்கள். அடுக்கின் அழகே அதுதான்.

அடுத்தது பலகை. ஓரடி ஏற ஏறக் கால்களின் இடைவெளி 6 அங்குலம் குறைகிறது: கீழ்ப்படியில் 30, பிறகு 24, 18, 12, மேலே 6. இரு முனையிலும் 3 அங்குலம் நீட்டிவிட்டால் பலகைகள் 36, 30, 24, 18, 12 அங்குலம். கூட்டினால் சரியாக 10 அடி! தட்டுக்கு 6 அங்குல அகலத்தில் இரண்டு பலகை வேண்டும். ஆகவே, ஓரங்குலக் கனத்தில் பத்தரை அடிப் பலகை இரண்டு வாங்கினால் அறுப்புச் சேதாரமும் அடங்கிவிடும். இடித்த வீட்டு மரம் நன்கு உலர்ந்திருக்கும், எளிதில் வளையாது.

இனி வருவதுதான் நுட்பமான வேலை. ஒவ்வொரு பலகையின் அடியிலும், முனையிலிருந்து 3 அங்குலத்தில், படி உட்காரும் பள்ளம் வெட்ட வேண்டும். படியின் விட்டம் ஒன்றேகால் அங்குலமானால் பள்ளம் ஓரங்குல அகலம், கால் அங்குல ஆழம். அரைவட்ட உளியால் குடைந்தபின், படியின் மேலேயே உப்புத்தாளைச் சுற்றி, அதன்மீது பலகையைப் படியின் நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்தால், பள்ளம் அந்தப் படியின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். பத்துப் பலகைகளும் உட்கார்ந்ததும் ஏணி விரியவும் முடியாது, மடங்கவும் முடியாது. ஆணி தேவையில்லை.

லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து பூசி, 20 நிமிடத்தில் துடைத்து, ஒரு நாள் விட்டு, எண்ணெயை மட்டும் மறுபடி பூசவும். எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும்; விரித்து உலர்த்துங்கள்.

கீழ்த்தட்டில் தொடங்கி மேலே பலகைகளை அடுக்கி, பலகை முனைகளில் 4 அங்குலத் தடுப்புக் கட்டைகளைத் திருகுங்கள். டெமி அளவுப் புத்தகங்கள் முதுகோடு முதுகாக அல்லாமல், முதுகு வெளியே தெரிய இரு வரிசையாக நிற்கும். கனமானவை கீழே இருக்கட்டும். ஏணியைக் கண்டால் குழந்தைகள் ஏறுவார்கள். ஒரு காலையாவது சுவரில் கொக்கியிட்டுப் பிணைத்துவிடுங்கள். இரு வரிசையும் சேர்த்து 15 அடி நீளத்துக்குப் புத்தகங்கள் அடங்கும்.